கேட்டில் பார்த்த கண்

ஆசிட் ஆலையின் கேட்டில் டிரைவர்களின் கண்ணைப் பார்ப்பது என் வேலை. அதற்கு முன்னால் அவர்கள் வாயை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மதுவிலக்கு திரும்பி வந்த புதிதில், சாராயம் குடித்தவன் டாங்கரோடு உள்ளே வரக்கூடாது என்று ஆலையில் விதி போட்டார்கள். ஒவ்வொருவனும் என் முகத்துக்கு நேரே ஊத வேண்டும். பீடி, பூண்டு, நேற்றைய மீன் குழம்பு, சொத்தைப் பல் எல்லாம் எனக்கு அத்துப்படி. காலேஜை ஒரே வருஷத்தில் விட்டவனுக்கு எண்ணூர் சாலையில் இதைவிட நல்ல ராத்திரி ஷிப்ட் கிடைக்காது.

பிறகு வேறொரு ஊர் ஆலையின் டாங்கர் ஒன்று கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் வயலில் கவிழ்ந்தது. டிரைவரும் கிளீனரும் ஆசிட்டில் வெந்து செத்தார்கள். டிரைவர் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. மடியில் அபின் டப்பா இருந்தது. மோந்து பார்ப்பவனுக்கு அபின் அகப்படாது. எங்கள் ஆலைக்குப் புதிதாக வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி செல்வநாதன் அன்றே உட்கார்ந்து விதியை மாற்றினார். என் கையில் ஒரு டார்ச் கொடுத்தார்கள்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. டிரைவரைக் கொஞ்ச நேரம் அந்த இருட்டில் நிறுத்தி வைத்துவிட்டுக் கண்ணில் டார்ச் அடிக்க வேண்டும். ஆலைக் கம்பவுண்டர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நல்ல கண்ணில் கருமணி அகலமாக இருந்து வெளிச்சம் பட்டதும் சுருங்கும். முழிப்பு மாத்திரை போட்டவனுக்கு வெளிச்சத்திலும் அகலமாகவே நிற்கும். அபின் தின்றவனுக்கு இருட்டிலேயே கடுகு மாதிரி இருக்கும். கண் சரியாக இருந்தால் டாங்கரின் கதவில் சாக்பீஸால் ஒரு சரி போட வேண்டும். இல்லையென்றால் பெருக்கல் குறி. முதல் தடவை பிடிபட்டவனுக்கு மூன்று மாதம் வண்டி கிடையாது, லாரி ஷெட்டில் டயர் வேலை. இரண்டாம் தடவை பாஸ் போய்விடும்.

விதி வந்து பல வாரம் ஆகியும் ஒருவன்கூடப் பிடிபடவில்லை. செல்வநாதனுக்கு அதில் பெருமை. எனக்குச் சந்தேகம். ஒருவனும் திருடவில்லை என்றால் பூட்டு நல்ல பூட்டு என்று அர்த்தமில்லை. கதவு வேறு பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்தக் கதவு எங்கே என்பது எனக்குத் தெரியும், சாலையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், செல்வநாதனுக்கு மட்டும்தான் தெரியாது. ஆசிட் ஆலைக்குள் எந்த டிரைவரும் நுழைந்துவிட முடியாது. பயிற்சி முடித்து, போட்டோ ஒட்டிய பாஸ் வைத்திருப்பவன்தான் நுழையலாம். அதனால் லாரி கம்பெனிக்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு பாஸ் டிரைவர்களை வைத்திருந்தார்கள். காலி டாங்கரை உள்ளே கொண்டுவருவதும், ஆசிட் ஏற்றியதை வெளியே கொண்டுபோவதும் அவர்கள். எர்ணாவூர் கால்வாய்ப் பாலத்துக்குப் பக்கத்தில் கெங்கம்மாவின் இட்லிக் கடை. அங்கே நெடுந்தூர டிரைவர் காத்திருப்பான். பாஸ் டிரைவர் இறங்குவார், அவன் ஏறுவான். நாக்பூர் வரைக்கும் ஓட்டப்போகிறவன் என் டார்ச்சைப் பார்த்ததே இல்லை.

எங்கள் கேட்டில் அதிகம் வந்துபோன பாஸ் டிரைவர் ஸ்டானிஸ்லாஸ். என் அக்கா ஐரீனின் புருஷன்.

ஒரு காலத்தில் மாமாவும் நாக்பூர் லைனில்தான் ஓடினார். அங்கேதான் அபின் பிடித்தது. மகள் ரோசிக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, ராயபுரம் கோயிலில் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிச் சாய்ந்தார். தரையில் விழாமல் குழந்தையைப் பிடித்தவன் நான். அக்கா அவரை அந்த லைனிலிருந்து இறக்கினாள். ஒரு மழைக்காலம் முழுக்க வெளியே விடாமல் வீட்டிலேயே வைத்திருந்தாள். பிறகு வேளாங்கண்ணிக்குக் கூட்டிப்போய், நெடுந்தூர வண்டி இனித் தொடமாட்டேன் என்று மாதா முன்னால் சொல்லவைத்தாள். அதற்கப்புறம்தான் அவர் பாஸ் டிரைவர் ஆனார். பழைய அபின் ஆள் என்று தெரிந்தால் ஆலை பாஸ் கொடுத்திருக்காது. வீட்டில் நாங்களும் நாக்பூர் லைன் ஆட்களும் மட்டும் அறிந்த சங்கதி அது.

அவர் விட்டுவிட்டார் என்று அக்கா நம்பினாள். நான் நம்பவில்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எதிரே உட்கார்ந்து அவர் கண்ணையே பார்ப்பேன். டார்ச் கைக்கு வந்த பிறகு தினமும் பார்த்தேன்.

"பாரு மச்சான், நல்லா பாரு. உள்ள உங்கக்கா தெரியறாளா?"

"கண்ணைச் சிமிட்டாதீங்க மாமா."

"சிமிட்டாம இருக்க நான் இன்னா மீனா?"

கருமணி அழகாகச் சுருங்கும். கதவில் சரி போடுவேன். போட்டுவிட்டு, இன்றைக்கு இல்லை, நாளைக்கு இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஷிப்ட் முடிந்ததும் கெங்கம்மா கடையில் டீ குடிப்பது வழக்கம். அன்றும் போனேன். அப்போதுதான் விடிந்திருந்தது. கால்வாயில் வழக்கமான நாற்றம். நாக்பூர் லைன் தாமோதரன் பெஞ்சில் காலைத் தூக்கிவைத்துக்கொண்டு இட்லி தின்றுகொண்டிருந்தான்.

"தோ வந்துட்டான்யா டார்ச்சு. இன்னா நைனா, உன் மாமன் கண்ணு மட்டும் தான் கண்ணா? எங்க கண்ணுல்லாம் கலீஜா கீதா?"

"டேய், புள்ளய வுடுடா," என்றாள் கெங்கம்மா. "கண்ணு டாக்டரு, இந்தச் சட்னிய பாத்து சொல்லு, நேத்து அரைச்சதா இன்னிக்கு அரைச்சதா?"

தாமோதரனின் கண்ணைப் பார்க்க டார்ச் தேவைப்படவில்லை. வெளிச்சம் சரியாக வராத அந்த நேரத்திலேயே இரண்டு கடுகு தெரிந்தது. அது என் வேலையில் சேராது. என் விதி கேட்டோடு முடிந்துவிடும்.

மாமா டாங்கரைக் கொண்டுவந்து பாலத்தோரம் நிறுத்தினார். இறங்கினார். தாமோதரன் கையைக் கழுவி லுங்கியில் துடைத்துக்கொண்டு ஏறினான். அந்த நேரத்தில் ஒரு லாம்பரெட்டா ஸ்கூட்டர் வந்து நின்றது. எண்ணூர்க் கரையில் மீன் வாங்கிக்கொண்டு திரும்பிய செல்வநாதன். பையில் இறால் மீசை துருத்திக்கொண்டிருந்தது. டாங்கரின் கதவில் நான் போட்ட சரியைப் பார்த்தார். ஸ்டியரிங் பிடித்திருந்த தாமோதரனைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து கிளாசைக் கையில் வைத்திருந்த என்னைப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"இன்னாடா, உங்காளு எறா வாங்க வந்தானா, ஆளு புடிக்க வந்தானா?" என்றாள் கெங்கம்மா.

அடுத்த வாரம் ஆணை வந்தது. கேட்டில் கண் காட்டிய டிரைவரே கடைசி வரை ஓட்ட வேண்டும். சரிக்குப் பக்கத்திலேயே அவன் பெயரையும் எழுத வேண்டும். நாக்பூரில் பாஸ் போட்டோவையும் முகத்தையும் ஒத்துப்பார்த்துத்தான் இறக்குவார்கள். முதல் வண்டியோடு செல்வநாதனே நெல்லூர் வரைக்கும் உட்கார்ந்து வருவார். நெடுந்தூர டிரைவர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பாஸ் போடுவார்கள், ஆனால் அது முடிய மூன்று மாதம் ஆகும். அதுவரை பாஸ் டிரைவர்கள் ஓட்டட்டும். வண்டி எடுக்கமாட்டேன் என்கிறவனுக்கு அன்றோடு வேலை இல்லை என்று லாரி கம்பெனி முதலாளி சொல்லிவிட்டார்.

ஆணையையும் முதலாளி சொன்னதையும் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று இடறியது. தின்று பிடிபட்டவனுக்கு மூன்று மாதம் டயர் வேலை. தின்ன வேண்டியிருக்குமே என்று பயந்து வண்டி வேண்டாம் என்பவனுக்கு வீடு.

கெங்கம்மா கடையில் எனக்கு டீ வந்தது. கடைசியில் தாமோதரன்தான் வாயைத் திறந்தான்.

"எவ்ளோ குடுத்தான் உங்க ஆபீசரு? இல்ல எறாவாவே குடுத்தானா?"

"நான் சொல்லல."

"நீ சொல்லல. கால்வா சொல்லுச்சு. பாலம் சொல்லுச்சு. டேய், போட்டுக் குடுக்கறவன் மூஞ்சி எப்பவும் இப்படித் தான்டா கீது, பால் குட்ச்ச பூனையாட்டம்."

மாமா பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை.

"அவரே பாத்தாரு மாமா. நீங்களும் தானே இருந்தீங்க."

"பாத்தாரு. சரி. அவுரு பாக்கற நேரத்துக்கு கரீட்டா நீ எதுக்கு அங்க குந்திகினு இருந்த?"

தினமும் உட்கார்கிற இடம்தான். ஆனால் என்னையே ஒருவன் டார்ச் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்ப்பது அதுவே முதல் தடவை. கண்ணைச் சிமிட்டினேன் என்று நினைக்கிறேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நாக்பூர் லோடு வெள்ளிக்கிழமை விடியற்காலை என்று முடிவானது. பெயர் ஸ்டானிஸ்லாஸ்.

வியாழக்கிழமை மதியம் நான் தூங்கிக்கொண்டிருந்த அறைக்கு அக்கா வந்தாள். மணலிப் பக்கத்துச் சைக்கிள்கள் ஷிப்டுக்குப் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் உட்காரவில்லை.

"அருளு, அவரு நாளைக்குப் போவக் கூடாது."

"போவலன்னா வேலை போயிடும்."

"தெரியும். தாமு வந்தான். 'நான் ஓட்றேன் அண்ணி, நெல்லூருக்கு அப்பால ஏறிக்கறேன், அண்ணன் சும்மா பக்கத்துல குந்திகினு வரட்டும், போட்டோவுக்கு மூஞ்சி காட்டுனா போதும்'ன்றான். அவன் மடில அபின் டப்பா. இவரு பக்கத்துல. மூணு ராத்திரி. எனக்கு இன்னா மூளை கெட்டா பூடுச்சு?"

"நான் இன்னாக்கா செய்யறது?"

"டார்ச்சு அடிக்கறது நீ தானே? கடுகு தெரிஞ்சுதுன்னு சொல்லிடு. மூணு மாசம் டயர் கழட்டட்டும். அதுக்குள்ள அவனுங்களுக்கு பாஸ் வந்துடும். இவரு பழையபடி கேட்டுக்கு வந்துடுவாரு."

"தெரியாததை எப்படி தெரிஞ்சுதுன்னு சொல்றது?"

"தெரியாததை சொல்றதுக்குத் தானேடா உங்கிட்ட வந்தேன். தெரிஞ்சா எவன் வேணா சொல்லுவான்."

என் புத்தி வேறு பக்கம் போனது. இவள் எதையோ மறைக்கிறாளோ? மாமா ஏற்கெனவே திரும்பத் தொடங்கிவிட்டாரோ? நாளைக்கு டார்ச்சில் உண்மையாகவே கடுகு தெரியப்போகிறது, அதைப் பொய் என்று நான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக முன்கூட்டியே வந்து நிற்கிறாளோ?

"மாமாவுக்குத் தெரியுமா நீ வந்தது?"

"உன் பேரை எடுத்தாலே காறித் துப்பறாரு. நீ சொல்லிட்டன்னு அப்பால சொல்லிக்கறேன்."

"செல்வநாதன் பக்கத்துல இருப்பாரு. டார்ச்சை வாங்கி அவரே பாத்தா என் வேலையும் போயிடும்."

"சொல்லுவியா மாட்டியா?"

"பாக்கலாம்."

"பாக்கலாம்னு சொல்றவன் எவனும் பாத்ததில்ல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஷிப்டுக்கு நடந்துபோகும்போது முடிவுசெய்தேன். சொல்லிவிடுவது. அன்பெல்லாம் இல்லை. மாமா அந்த லைனுக்குப் போனால் என்ன ஆகும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னிடம் சந்தேகமில்லாத விஷயம் அது ஒன்றுதான். செல்வநாதன் டார்ச்சைக் கேட்டால் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். அதற்காகத் தீர்ந்த பேட்டரி இரண்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விடியற்காலை டாங்கர் ஆசிட் ஏறி நின்றது. செல்வநாதன் பிளாஸ்க், தலையணை, இங்கிலீஷ் பேப்பர் சகிதம் தயாராக இருந்தார். தீர்த்த யாத்திரைக்குப் போகிற சந்தோஷம் முகத்தில். மாமா வந்தார். சலவைச் சட்டை. என்னைப் பார்க்காமல் இருட்டறைக்குள் போனார். நானும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் நின்றோம். அவர் மூச்சு மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்தது.

டார்ச்சை அடித்தேன்.

கடுகு.

மறுகண்ணில் அடித்தேன். அதிலும். அவர் சிமிட்டவில்லை. கண்ணைச் சிமிட்டாமல் வைத்திருக்க அன்றைக்குச் சிரமமே படவில்லை.

"நல்லா பாத்தியா?" என்றார்.

"எதுக்கு மாமா?" என்று காதோரம் கேட்டேன். "சுத்தமா வந்திருந்தாலே நான் கெட்டுப்போச்சுன்னு சொல்லியிருப்பேனே. அக்கா வந்து கேட்டா."

"உங்கக்கா கேட்டா. நீ இன்னா சொன்ன?"

டார்ச்சை அணைத்தேன்.

"பாக்கலாம்னு சொன்ன. ராத்திரி அவ அழுதுகினே சொல்லிட்டா. உன்னை நம்பி நான் எப்படிடா வர்றது? நீ கண்ணுல சுத்தம்னு பாத்தா சரி போட்ற ஆளு. ஆபீசரு வேற நிக்கறான். அதான் தாமு கைல ஒரு மொளகு அளவு அபின் வாங்கிப் போட்டுகினேன். இப்ப எவன் பாத்தாலும் ஒண்ணு தான். நீ பாத்தாலும் அவன் பாத்தாலும்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"சொன்னின்னா கொன்னுடுவேன்."

நான் கதவைத் திறந்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். செல்வநாதன் பிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு ஓடிவந்து டார்ச்சைப் பிடுங்கி அவரே பார்த்தார். பேட்டரி நன்றாகவே எரிந்தது. வெளியே வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தீங்களா அருள்நாதன்? இத்தனை வாரமா ஒருத்தன் மாட்டலை. ஓட்டையை அடைச்ச முதல் நாளே எலி மாட்டிடுச்சு. உங்களுக்கு உறவுன்னு கேள்விப்பட்டேன். அப்படியும் மறைக்கலை. குட்."

டாங்கரின் கதவில் பெருக்கல் குறி போட்டேன். பிறகு வேறொரு பாஸ் டிரைவரைக் கூட்டிவந்தார்கள். புளியந்தோப்புக் கிழவர். கண்ணில் டார்ச் அடித்தேன். கருமணி ஒழுங்காகச் சுருங்கியது. ராத்திரியில் எதிரே வரும் வண்டி அவருக்குத் தெரியுமா என்று கேட்கச் சொல்லி விதியில் இல்லை. பெருக்கலை அழித்துவிட்டுச் சரி போட்டு, பக்கத்தில் அவர் பெயரை எழுதினேன். செல்வநாதன் தலையணையோடு ஏறிக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து நான் கெங்கம்மா கடைப் பக்கம் போகவில்லை. திருவொற்றியூரிலிருந்து ராயபுரத்தில் அக்கா வீடு வரைக்கும் நடந்தேன். விட்டு வெகு நாளான உடம்பில் அபின் போனால் வாந்தி எடுக்கும் என்று கம்பவுண்டர் ஒரு தடவை சொல்லியிருந்தார். வீட்டுக்கு அனுப்பும் முன் மாமாவை ஆலை வாசல் பெஞ்சில் வெகு நேரம் உட்காரவைத்திருந்தார்கள். அவர் வாந்தி எடுக்கவில்லை. எல்லா உடம்பும் ஒன்றுபோல இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு, அவர் நேற்று ராத்திரி சாப்பிட்டாரா என்று யோசித்தேன். வெறும் வயிறாக இருந்தால் எடுக்க ஒன்றும் இருந்திருக்காது. காசிமேடு தாண்டும் வரை இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன்.

அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். மாமா எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார். நாளையிலிருந்து டயர் வேலைக்கு வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். உள்ளே பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ரோசி பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள்.

"சொல்லிட்டேன்."

"ஆபீசரு பாக்கலயா?"

"எங்க பாத்தான்? நான் சொன்னதை நம்பிட்டான்."

"கண்ணு எப்படி இருந்துச்சு?"

"சுத்தமா. எப்பவும் போல. நீ சொன்னா மாதிரி தான் சொன்னேன்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அக்கா கையில் டார்ச் இல்லை, ஆனாலும் நான் தெருப் பக்கம் பார்த்தேன். ஒரு குதிரை வண்டி மூட்டை ஏற்றிக்கொண்டு போனது.

"சத்தியமா?"

"இன்னாக்கா, உனக்கும் சந்தேகமா?"

அவள் உள்ளே போனாள். அவரை எழுப்பவில்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. பாயோரம் குந்தி, மார்பில் மடித்து வைத்திருந்த அவர் வலது கையை எடுத்தாள். சுருட்டிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அபினை வாயில் போடுவதற்கு முன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டுவார்கள். அந்தப் பசை சோப்புப் போட்டுக் கழுவினாலும் ஒரு நாள் போகாது. இது எனக்கு அப்புறம்தான் தெரியவந்தது. எங்கள் விதியில் வாய் இருந்தது, கண் இருந்தது, விரல் இல்லை.

அவள் அந்தக் கட்டைவிரலை மூக்கருகே கொண்டுபோனாள். மோந்து பார்த்தாள். பிறகு கையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு எழுந்து வெளியே வந்தாள்.

"டீ போடட்டுமா?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"வேணாம்."

"குட்சிட்டுப் போ," என்றாள். "அப்பால இந்த வூட்டுக்கு நீயும் வராத. அந்தத் தாமுவும் வர வேணாம். நாளைலேந்து ஷெட்டுக்கு நான் இட்டுகினு போயி, நானே இட்டுகினு வரேன்."

அடுப்பைப் பற்றவைத்தாள். கிரசின் வாடை எழுந்தது. உள்ளே மாமா புரண்டு படுத்தார். அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தோன்றியது.